மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்: மரத்தின் அறிகுறியைப் படித்துப் பிழை நீக்கும் வழிமுறை

மரம் பராமரிக்கும் தொழிலில் இருப்பவரிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் இருக்கும்: "மரம் காயுதுங்க, என்ன மருந்து அடிக்கலாம்?" கேட்பவரின் மனத்தில் நோய் முடிவாகிவிட்டது, மருந்தடிப்பதும் முடிவாகிவிட்டது, மருந்தின் பெயர் மட்டுமே பாக்கி. உரக்கடைக்குப் போனால் அந்தப் பெயரும் உடனே கிடைத்துவிடுகிறது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தோப்புகளிலும் கோவை நகரத்து வீட்டு மரங்களிலும் வேலை பார்த்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: மரங்களின் மேல் வீணாகக் கொட்டப்படும் நஞ்சு, பெரும்பாலும் அறிகுறியைத் தவறாகப் படித்ததால் கொட்டப்பட்ட நஞ்சுதான். ஆகவே இந்த வழிமுறை மருந்தின் பெயரிலிருந்து தொடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, அதற்கான காரணத்தைத் தேடி, மருந்து உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் மட்டும் மருந்துக்கு வருகிறது.

எந்த அறிகுறிக்கும் முன்பாகச் செய்ய வேண்டியவை

மரத்தடிக்குப் போனதும் அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். முதலில் குனிந்து தூரைப் பாருங்கள். தூரைச் சுற்றி மண் இருக்கிறதா, சிமெண்ட் தளம் இருக்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா, கடந்த ஓராண்டுக்குள் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டினார்களா, பக்கத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்று வீட்டுக்காரரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேளுங்கள். அதன் பிறகு, பாதிப்பு கிளையின் நுனியில் தொடங்கியதா, அடி இலையில் தொடங்கியதா, மரத்தின் ஒரு பக்கம் மட்டும் காய்கிறதா என்று பாருங்கள். பூச்சியும் பூசணமும் ஒரே நாளில் மரம் முழுவதும் பரவுவதில்லை. ஒரே வாரத்தில் மரம் முழுவதும் ஒரே சீராக வாடினால் வேரையோ, தண்ணீரையோ, தரையில் ஊற்றப்பட்ட ஏதோ ஒன்றையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை: இந்த மரத்தில் யார் உண்கிறார்கள்? வேம்பின் கொழுந்தைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள், அதன் குச்சியால் பல் துலக்குபவர்கள் இருக்கிறார்கள், சித்திரைப் பிறப்புக்கு முன்னால் துணியை விரித்துப் பூவை உதிர்த்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கிளை கழிக்கும் நாளில் ஆட்டுக்காரர் தழைக்கு வந்து நிற்பார். முருங்கைக் கீரை அன்றைக்கே அடுப்பேறும். தென்னையில் இளநீர் இறக்குபவர் வாரத்தில் எந்த நாள் வருவார் என்பது மருந்தடிக்க வந்தவருக்குத் தெரியாது. மைனாவும் அணிலும் தேனீயும் யாரிடமும் கேட்டு வருவதில்லை. வயலில் ஒரு பயிருக்கு மருந்தடிப்பதும் ஊருக்கு நடுவில் நிற்கும் மரத்துக்கு மருந்தடிப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தக் கேள்வியே காட்டிவிடும். இதற்கான பதிலை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அறிகுறி: ஓலையில் பிசுபிசுப்பு, அதன் மேல் கரி பூசியது போன்ற கறுப்பு

தென்னை ஓலையின் மேற்புறம், அதன் அடியில் நிற்கும் வாழை, கொய்யா, கீழே நிறுத்தியிருக்கும் வண்டியின் இருக்கை என எல்லாவற்றிலும் தேன்போல் ஒட்டும் திரவம் படிந்து, சில வாரங்களில் அது கறுத்துப்போனால், அந்தக் கறுப்பு நோயன்று. மேலே சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்புத் திரவத்தில் வளரும் கரும்பூசணம் அது. பூசணக்கொல்லி அடித்துப் பயனில்லை. ஓலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். வெண்மையான மெழுகுப் பொடியில் விரல் ரேகை போலச் சுருள்சுருளாக முட்டைகள் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ.

மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில்தான் முதலில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டும் அதன் பின்னரும் தோப்புகளில் நடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும்: விசைத்தெளிப்பான் வைத்து வலுவான மருந்துகளை அடித்த தோப்புகளில் சில வாரங்கள் வெள்ளை ஈ குறைந்தது, பிறகு முன்னைவிடக் கூடுதலாக வந்தது. காரணம் எளிது. வெள்ளை ஈயின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்குளவியும், அதைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் மருந்தில் முதலில் மடிந்தன. மெழுகுப் போர்வைக்குள் இருந்த வெள்ளை ஈக் குஞ்சுகளோ பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன.

ஆகவே இங்கே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு கைக்கண்ணாடி போதும். ஓலைத் துண்டைக் கிள்ளி எடுத்து, காலியான கூட்டுப்புழு ஓடுகளைப் பாருங்கள். வெள்ளை ஈ தானாக முதிர்ந்து வெளியேறிய ஓட்டில் எழுத்துப் பலகையில் கீறியது போல ஒரு பிளவு இருக்கும். என்கார்சியா உள்ளிருந்து கடித்து வெளியேறிய ஓட்டிலோ ஊசியால் குத்தியது போல வட்டத் துளை இருக்கும். வட்டத் துளைகள் கணிசமாகத் தெரிந்தால் அந்தத் தோப்பில் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி எதையும் அடிக்காமல் இருப்பதுதான். துளைகளே தென்படாவிட்டால், என்கார்சியா பெருகியிருக்கும் தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து பாதிக்கப்பட்ட மரங்களில் கட்டிவிடலாம். ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளைத் தொங்கவிடுவதும், எட்டும் உயரத்தில் உள்ள மரங்களின் ஓலை அடிப்புறத்தில் வெறும் தண்ணீரை விசையோடு பீய்ச்சுவதும் பலன் தரும். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய நீர்த்த பசையைத் தெளித்தால், வெயிலில் அது காய்ந்து உதிரும்போது கறுப்பையும் ஏடு ஏடாகப் பெயர்த்துக்கொண்டு வரும். மழைக்காலம் வந்தால் பூச்சியின் எண்ணிக்கை தானாகவே இறங்கும்; அதுவரை பொறுப்பதற்குத் தோப்புக்காரருக்குத் தைரியம் சொல்வதும் நம் வேலையில் சேர்ந்ததே.

வீட்டு மரங்களில் இதே பிசுபிசுப்புக்காக அழைக்கப்படும்போது, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நடந்ததை நான் நினைத்துக்கொள்வேன். அங்கே வில்சன்வில் என்ற ஊரில், 2013 ஜூன் மாதம், ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பூத்திருந்த லிண்டன் மரங்களுக்கு, இதேபோலப் பிசுபிசுப்பை உண்டாக்கும் அசுவினிப் பூச்சிக்காக டைனோட்டிஃப்யூரான் என்ற மருந்தை அடித்தார்கள். 50,000-க்கும் மேற்பட்ட பம்பிள் தேனீக்கள் அந்த மரங்களின் அடியில் செத்துக் கிடந்தன. மேலும் தேனீக்கள் வராமல் தடுக்க மரங்களையே வலைபோட்டு மூட வேண்டியிருந்தது. அசுவினியால் அந்த மரங்கள் சாகப்போவதில்லை. மரம் பூத்திருக்கிறது என்பதை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். ஒட்டுவதும் அழுக்காவதும் தொந்தரவு என்பது உண்மைதான். ஆனால் தொந்தரவு வேறு, நோய் வேறு. தொந்தரவுக்கு வண்டியை வேறு இடத்தில் நிறுத்துவதே மருந்து.

அறிகுறி: வேம்பின் கொழுந்துகள் தீயில் வாட்டியது போலக் கருகிக் காய்தல்

மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில் சாலையோர வேம்புகள் வரிசையாகச் செந்நிறமாகிக் காய்வதைக் கண்டு ஊரே கலங்குவது உண்டு. கிளையை வளைத்து நுனியைப் பாருங்கள். இளந்தண்டில் கடுகளவுக்குக் கரும்பழுப்புப் புள்ளிகளும், சில இடங்களில் பிசின் துளிகளும் இருந்து, அந்தப் புள்ளிக்கு மேலே உள்ள பகுதி மட்டும் காய்ந்திருந்தால், அது தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி குத்திய இடம். அதன் எச்சில் பட்ட திசு செத்துப்போகிறது. அதோடு ஃபோமாப்சிஸ் என்னும் பூசணமும் நுனிக் கருகலை உண்டாக்குகிறது. இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்தே இருக்கலாம்.

இந்த மரம் செத்துவிட்டதா என்பதை அறிய, காய்ந்த நுனியிலிருந்து ஓரடி உள்ளே நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. நன்கு வேரூன்றிய வேம்புகளில் பெரும்பாலானவை கோடை தொடங்கும்போது புதிதாகத் துளிர்த்துவிடுகின்றன. காய்ந்த நுனிகளை எட்டும்வரை கழித்து அப்புறப்படுத்துவது, தூரைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டு நீர் விடுவது, இளமரமானால் வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிப்பது ஆகியவை போதும். முசுறு எறும்புக் கூடுகள் மரத்தில் இருந்தால் அவற்றைக் கலைக்க வேண்டாம். தேயிலைக் கொசுவை விரட்டும் காவலர்கள் அவை. மரம் ஏறுபவரை அவை கடிக்கும் என்பது எனக்கும் நன்றாகத் தெரியும், என்றாலும் இதைச் சொல்கிறேன்.

நாற்பதடி உயர வேம்புக்கு விசைத்தெளிப்பானால் மருந்தடிக்கச் சொல்லி நிர்ப்பந்திப்பவர்களுக்கு நான் காசர்கோட்டைச் சொல்வேன். இதே தேயிலைக் கொசுதான் முந்திரியையும் தாக்குகிறது. அதை ஒழிப்பதற்காகத்தான் கேரளத்தின் காசர்கோடு பகுதியில், அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களின் மேல், 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். முந்திரி நின்ற குன்றுகளுக்கு இடையே வீடுகளும் ஓடைகளும் திறந்த கிணறுகளும் இருந்தன. அந்த ஊர்களில் பிறந்த குழந்தைகளின் உடற்குறைகளை நாடே பார்த்தது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் இடைக்காலத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017 ஜனவரியில் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. மரத்தின் உயரத்துக்கு மேலிருந்து விழும் மருந்து மரத்தோடு நிற்காது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அறிகுறி: தென்னை மட்டையில் கத்தரித்தது போன்ற முக்கோண வெட்டு, தண்டில் துளையும் சாறும்

விரிந்த மட்டையில் ஓலைகள் விசிறி மடிப்பில் கத்தரித்தது போல வெட்டுண்டு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. அது குருத்துக்குள் இருந்தபோது கடித்தது. மட்டை விரிந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. எனவே வெட்டைப் பார்த்ததும் மரத்துக்கு மருந்தடிப்பது, திருடன் போன பிறகு கதவைப் பூட்டுவதற்குச் சமம். அந்த வண்டு பிறந்த இடத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் ஒரு எருக்குழியோ மக்கிய தென்னந்தூரோ இருக்கும். மண்வெட்டியால் எருவைப் புரட்டினால் கட்டைவிரல் பருமனில் வளைந்து கிடக்கும் வெண்புழுக்கள் கிடைக்கும். எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்துவிட்டால் அந்தப் புழுக்கள் நோயுற்று மடியும். ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கைக் கரைத்துப் பானைகளில் தோப்பில் வைத்தால் வண்டுகள் வந்து விழும். குருத்தின் உள்ளடுக்கு மட்டைக் கக்கங்களில் வேப்பங்கொட்டைத் தூளை இருமடங்கு மணலோடு கலந்து இடுவது பழைய முறை. இன்றும் பலன் தருகிறது.

தண்டில் துளை இருந்து, அதில் மென்று துப்பிய நார்போன்ற பொருளும் பழுப்புச் சாறும் வெளிவந்தால் அது சிவப்புக் கூன் வண்டு. தண்டில் காதை ஒட்டிவைத்து அமைதியாகக் கேளுங்கள். புழுக்கள் கடிக்கும் ஓசை கேட்கும். முற்றிய நிலையில் நடுக்குருத்து வாடிச் சாய்ந்துவிடும். அப்போது மரத்தை வெட்டிப் பிளந்து எரிப்பதே மற்ற மரங்களைக் காக்கும் வழி. இங்கே தொழில்செய்யும் நம் மேலேயே ஒரு பொறுப்பு இருக்கிறது. புதிய காயத்தின் மணத்தைத் தேடி வருவதே இந்த வண்டின் இயல்பு. பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டினால் அந்த வெட்டுவாயில் அது முட்டையிடும். புழு நேரே தண்டுக்குள் போகும். கட்டாயம் வெட்ட வேண்டுமென்றால் 120 செ.மீ. அடிமட்டையை விட்டு வெட்ட வேண்டும். மரம் ஏறுவதற்காகத் தண்டில் படி கொத்துவதை நான் எங்கும் அனுமதிப்பதில்லை.

வேர்வழி மருந்து செலுத்துவது பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பென்சில் பருமனில் உள்ள பழுப்பு வேரைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்துக் கரைசல் உள்ள சிறு பாலித்தீன் பையில் அமிழ்த்திக் கட்டிவிடும் முறை அது. காற்றில் மருந்து பறக்காது என்பதால் பலரும் இதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக நினைக்கிறார்கள். ஆனால் நீண்ட காலம் அந்தப் பையில் ஊற்றப்பட்டது மோனோகுரோட்டோபாஸ் என்னும் கொடிய பூச்சிக்கொல்லி. அது மரத்தின் சாற்றோடு மேலேறிக் காய்க்குள்ளும் போகும் என்பதால்தான், மருந்து கட்டும் முன் முற்றிய காய்களைப் பறித்துவிட்டு, பிறகு 45 நாள் எதையும் பறிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. அந்த 45 நாளை இளநீர்க் கடைக்காரருக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்? காய்கறிப் பயிர்களில் இந்த மருந்துக்கு 2005-லேயே தடை வந்துவிட்டது. 2023 செப்டம்பர் இறுதியில் ஒன்றிய அரசு அதன் 36 விழுக்காட்டுக் கரைசலின் பதிவையும் நீக்கி ஆணையிட்டது. பழைய கையேட்டில் அந்தப் பெயர் இன்னும் இருக்கலாம். பழைய புட்டி பரண்மேல் இருக்கலாம். இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. வேர்வழிதான் வேண்டுமென்றால், தென்னங்காயைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரியோஃபைடு சிலந்தி போன்றவற்றுக்கு ஒரு விழுக்காட்டு அசாடிராக்டின் என்னும் வேம்புச் சாரம் அதே முறையில் பரிந்துரைக்கப்படுகிறது.

அறிகுறி: தென்னந்தூரில் செம்பழுப்புச் சாறு வடிந்து மேல்நோக்கி ஏறுதல்

துளையும் நாரும் இல்லாமல், தரைமட்டத்திலிருந்து பட்டை வெடித்துச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952-இல் தஞ்சை மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால் இந்தப் பெயர். கானோடெர்மா என்னும் பூசணம் மண்வழியே வேரைப் பிடிக்கிறது. பூச்சிமருந்துக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. பாதித்த மரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்துத் தனிமைப்படுத்துவதும், அந்த மரத்துக்குப் பாயும் நீர் அடுத்த வட்டப்பாத்திக்குப் போகாமல் தடுப்பதும், ஆண்டுக்கு மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையை இடுவதும் அடிப்படை.

ஒரு விழுக்காட்டு போர்டோ கலவையையும் தூரில் ஊற்றுவார்கள். மயில்துத்தக் (செம்புச் சல்பேட்) கரைசலையும் சுண்ணாம்புக் கரைசலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்துச் சேர்த்தபின், துருப்பிடிக்காமல் தேய்த்து வைத்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. படியாதவரை சுண்ணாம்புநீரைச் சேர்க்க வேண்டும். பழமையான மருந்து என்பதால் இது தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. செம்பு மண்ணில் மக்காது. ஆண்டுதோறும் ஊற்றிய இடத்தில் மண்புழு இல்லாமல் போகும்.

அறிகுறி: மாம்பூ கருகி உதிர்தல், மரத்தடியில் நின்றால் தூறல் போல் மேலே விழுதல்

கிளையைத் தட்டினால் ஆப்பு வடிவச் சிறு பூச்சிகள் சிதறிப் பறந்து, பட்டை மேல் படபடவென்று விழும் ஓசை கேட்டால் அது தத்துப்பூச்சி. பூங்கொத்தில் திருநீறு பூசியது போல வெண்படலம் இருந்தால் சாம்பல் நோய். அதற்கு நனையும் கந்தகம் போதும், பூச்சிமருந்து தேவையில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில், முழுதாகப் பூத்திருந்த ஒரு மாமரத்துக்கு வீட்டுக்காரரின் வற்புறுத்தலுக்காகக் காலை ஒன்பது மணிக்கு நான் இமிடாகுளோப்ரிட் என்னும் பூச்சிமருந்தை அடித்தேன். மறுநாள் ஏணியை எடுக்கப் போனபோது, மரத்தடிச் சிமெண்ட் திண்ணையில் கொசுத்தேனீக்களும் பச்சை ஈக்களும் கைப்பிடியில் அள்ளும் அளவுக்குக் கிடந்தன. அந்த ஆண்டு அந்த மரத்தில் பிஞ்சு பிடிக்கவே இல்லை. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுக்கு உரியது என்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். காயைக் காப்பாற்ற அழைத்தவருக்கு காயே இல்லாமல் செய்துவிட்ட அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னிடம் இருக்கிறது.

தத்துப்பூச்சிக்குச் சரியான வேலை பூக்கும் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குகிறது. அறுவடை முடிந்ததும் உட்கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் உள்ளே போக வழிவிட்டால், நிழலையும் ஈரத்தையும் விரும்பும் இந்தப் பூச்சி பெருகாது. தெளிப்பு கட்டாயம் என்றால் மொட்டு வெளிவரும் தருணத்தில், பூ விரிவதற்கு முன்பு, மாலையில் தெளிக்க வேண்டும். பூ விரிந்த பின் பிஞ்சு பட்டாணி அளவுக்கு வரும்வரை என் தெளிப்பானை நான் எடுப்பதில்லை.

அறிகுறி: இலைகளில் கொப்புளங்கள்

புங்கன் இலையிலும் ஏழிலைப்பாலை இலையிலும் பரு போன்ற கொப்புளங்கள் வரும். முன்னது கண்ணுக்குத் தெரியாத சிலந்தியாலும் பின்னது சிறு பூச்சியாலும் உண்டாகின்றன. வளர்ந்த மரத்தை இவை கொல்வதில்லை, மருந்து வேண்டாம்.

அறிகுறி: முருங்கைத் தண்டில் கம்பளிப்புழுக் கூட்டம்

பகலில் தண்டில் கும்பலாகப் படுத்திருந்து இரவில் இலைக்கு ஏறுவது இந்தப் புழுவின் பழக்கம். பகலில் அது ஒரே இடத்தில் இருப்பது நமக்கு வசதி. கையுறை போட்டு, நீண்ட விளக்குமாறால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். தீப்பந்தம் காட்டுவது பட்டையையும் சேர்த்துச் சுடும். கீரையாகப் பறிக்கும் மரத்துக்கு எந்த ரசாயனமும் கூடாது.

அறிகுறி: பட்டை மேல் மண்பூச்சு

மண்ணைச் சுரண்டிப் பார்த்தால் கரையான் இருக்கும். உடனே தூரில் குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிமருந்தை ஊற்றச் சொல்வார்கள். ஊற்றும் முன், மண்பூச்சுக்கு அடியில் உள்ள பட்டையைக் கத்தியால் இலேசாகச் சீவுங்கள். உள்பட்டை ஈரமாகவும் பச்சையாகவும் இருந்தால், கரையான் செத்த மேற்பட்டையை மட்டுமே தின்கிறது. மண்ணைத் தட்டிவிட்டுத் தூரில் கிடக்கும் காய்ந்த சருகையும் மரத்துண்டையும் அகற்றுங்கள். உள்ளே மரம் உளுத்திருந்தால், அந்த உளுப்பு வேறு காரணத்தால் முன்பே வந்தது. கரையான் பின்னால் வந்தது. தூரில் ஊற்றும் மருந்து கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் போய்ச் சேரக்கூடும்.

அறிகுறி: சாலையோர மரம் ஒரு பக்கம் மட்டும் காய்தல்

பூச்சி, நோய் எதுவும் தெரியாமல் இலை சிறுத்து, ஒரு பக்கக் கிளைகள் மட்டும் நுனியிலிருந்து காய்ந்தால், அந்தப் பக்கத்து வேர் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் வெட்டியிருப்பார்கள். கிளை காய்வது சில மாதம், சில நேரம் ஓராண்டு கழித்துத்தான் வெளிப்படும் என்பதால் யாரும் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. தண்டு வரை சிமெண்ட் போட்டு மூடிய மரங்களுக்கும் இதே கதி. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. எந்த ஊரிலும் நாம் பின்பற்றக்கூடிய அளவு அது. கடப்பாரையால் தளத்தைப் பெயர்த்து, மக்கிய எருவும் சருகும் பரப்பி, தண்ணீர் விடுங்கள். இந்த மரத்துக்கு உரக்கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

அறிகுறி: இரண்டு மூன்று முறை மருந்தடித்தும் பூச்சி கூடுகிறது

மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டுவதும்தான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. முதலில் நிறுத்துங்கள். 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி நுழைந்து, பப்பாளியிலிருந்து மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, தேக்கு என்று பரவியபோது, விவசாயிகள் அடிக்காத மருந்தில்லை. மாவுப் போர்வைக்குள் மருந்து இறங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வழியாகப் பெருக்கி விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவி வந்தபின்னும் மருந்தடித்துக்கொண்டிருந்த தோட்டங்களில்தான் அது நிலைகொள்ளச் சிரமப்பட்டது. அதனால் இந்த அறிகுறிக்கு என் விடை: குறைந்தது நான்கு வாரம் எதுவும் அடிக்காமல், வாரம் ஒரு முறை ஒரே கிளையில் பூச்சியையும், அதன் அருகில் பொறிவண்டு, குளவி, சிலந்தி ஆகியவற்றையும் எண்ணி எழுதுங்கள்.

மருந்து உண்மையிலேயே தேவை என்று முடிவானால்

புட்டியின் மேல் உள்ள சாய்சதுரத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கடும் நஞ்சு, நீலம் மிதமானது, பச்சை குறைந்தது. குடியிருப்புப் பகுதி மரத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம் என்பது நான் மீறாத விதி. அந்தப் பயிருக்கும் அந்தப் பூச்சிக்கும் பரிந்துரை அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் வாய்மொழியாகச் சொல்லும் அளவைப் பின்பற்ற வேண்டாம். இரண்டு மருந்துகளை ஒரே டேங்கில் கலக்க வேண்டாம்.

தெளிக்கும் நாளுக்கு முந்தைய மாலையே அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, கொடியில் காயும் துணி, முற்றத்தில் காயும் மிளகாய், கட்டியிருக்கும் ஆடு, நாயின் தண்ணீர்ச் சட்டி, திறந்த கிணறு ஆகியவற்றை நீங்களே சுற்றிப் பார்த்து மூடச் சொல்லுங்கள். ஒரு முறை, எல்லாம் முடிந்ததாக நினைத்து இயந்திரத்தை இயக்கப் போகும் நேரத்தில், பக்கத்து வீட்டு மாடியில் மூடியில்லாத தொட்டி ஒன்றை மரத்தின் மேலிருந்த என் உதவியாளர் கண்டார். அன்று வேலையை நிறுத்திவிட்டு வந்தோம். ஒரு மெல்லிய நூலைக் குச்சியில் கட்டிப் பிடியுங்கள். அது தொடர்ந்து படுக்கையாகப் பறந்தால் அன்று தெளிக்கக் கூடாது. தேனீக்கள் கூடடைந்த பிந்தைய மாலையே ஏற்ற நேரம். வேப்பங்கொட்டைச் சாறும் இந்த விதிகளுக்கு உட்பட்டதே. மீன் உள்ள குளத்துக்கு அருகில் அதையும் கவனத்தோடுதான் பயன்படுத்த வேண்டும்.

காலிப் புட்டியை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டையில்லாத புட்டி யாராவது ஒருவர் வீட்டில் எண்ணெய்ப் புட்டியாகிவிடும். தெளித்த மரத்தில் ஒரு அட்டை கட்டி, தேதியையும், தழையோ காயோ பறிக்கக் கூடாத கடைசி நாளையும் எழுதுங்கள். ஆட்டுக்காரரிடம் நேரில் சொல்லுங்கள்.

அறிகுறி: மருந்தடித்தவருக்குத் தலைசுற்றல், வாயில் எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல்

உடனே வேலையை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு அவரை அழைத்துச் சென்று, நனைந்த உடைகளைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தண்ணீரால் உடலைக் கழுவுங்கள். உதவி செய்பவர் கையுறை அணிந்திருக்க வேண்டும். பால், எண்ணெய், உப்புக் கரைசல் எதுவும் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் நஞ்சை முறிக்கும் மருந்தை விரைவாக முடிவு செய்ய முடியும். ஆகவே மருந்துப் புட்டியை, மேலட்டை கிழியாமல், ஒரு பையில் போட்டு அவரோடு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.